16 அங்குலக் கங்கை

இருபது வருஷத்துக்கு முன்னாடி, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கினேன். எரிக் நியூபி எழுதிய 'ஸ்லோலி டவுன் த கேஞ்சஸ்'. 1966-இல் வெளிவந்தது. 1963 டிசம்பரில் அவரும் மனைவி வாண்டாவும் ஹரித்வாரில் கிளம்பி வங்காள விரிகுடா வரைக்கும், சுமார் 1,200 மைல், கங்கையில் படகில் இறங்கிப் போன கதை. அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன். போன மாதம் மறுபடி படித்தேன். சிரிப்பே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யோசித்ததன் குறிப்புதான் இது.

மறுபடி படித்ததற்குக் காரணம் உண்டு. நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் ஹரித்வாரிலிருந்து கீழே ஒரு மாசம் கயாக்கில் போகலாம் என்று பேசிப் பேசி, பேச்சு இப்போது எக்செல் ஷீட் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு விஷயத்தை சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். 140 வரிசை. கூடாரம், தண்ணீர் வடிகட்டி, சோலார் பேனல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், நனையாத பை, எந்த ஊரில் ஏ.டி.எம். இருக்கு என்பது வரைக்கும். அந்த ஷீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நியூபியைப் படித்ததுதான் தப்பாகப் போயிற்று.

புத்தகத்தின் புகழ்பெற்ற காட்சி இது. 25 அடி நீளப் படகு. சாமான், ஆட்கள் எல்லாம் ஏறினபிறகு அது மிதக்க 18 அங்குலத் தண்ணீர் வேண்டும். ஹரித்வார் பாலத்துக்குக் கீழே 200 கஜம் போனதும் தரை தட்டுகிறது. மணல்திட்டில் ஏறிவிட்டதா என்றால் இல்லை. வழி தவறிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. அந்த இடத்தில் ஆற்றின் ஆழமே 16 அங்குலம்தான். வழியனுப்ப வந்து பாலத்தில் நின்றவர்கள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் ஆறு நாளில் இப்படி 63 தடவை தட்டியதாக அவர் கணக்கு வைத்திருக்கிறார். பிறகு படகுகள் மாறுகின்றன, நடுவில் ரயில், பஸ், மாட்டுவண்டி எல்லாம் வருகின்றன.

வேண்டியது 18, இருப்பது 16. ரெண்டு அங்குல வித்தியாசத்தில் ஒரு புத்தகத்தின் குணமே தீர்மானமாகிவிடுகிறது. தன்னையே கேலி செய்துகொள்ளும் ஆங்கிலேயக் கனவான், எதற்கும் தயாராக இல்லாமல் எங்கேயாவது கிளம்பி, அடிபட்டு, சிரிக்க வைப்பார். நியூபிக்கு இது கைவந்த கலை. இதற்கு முந்தைய 'எ ஷார்ட் வாக் இன் த ஹிந்துகுஷ்' (1958) புத்தகத்தில், ஆப்கானிஸ்தான் மலையில் ஏறப் போகிறவர் எடுத்துக்கொண்ட பயிற்சி, வேல்ஸில் சில நாள். அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு முதல் சந்தேகம். இந்த ஆள் உண்மையிலேயே தண்ணீரைப் பற்றித் தெரியாதவரா? 1938-39இல், பதினெட்டு வயதில், 'மோஷுலு' என்ற நாலு பாய்மரக் கப்பலில் கூலிப் பயிற்சியாளாக ஏறி, ஆஸ்திரேலியா போய், கேப் ஹார்ன் சுற்றித் திரும்பியவர். இரண்டாம் உலகப்போரில் படகுப் படைப்பிரிவில் இருந்து, 1942-இல் சிசிலி கரையோரம் பிடிபட்டவர். ஒரு படகு எவ்வளவு ஆழம் கேட்கும் என்பது இவருக்கு நமக்கு ஸ்கூட்டர் மைலேஜ் மாதிரி. அப்படிப்பட்டவர் 'ஐயோ தட்டிடுச்சே' என்று எழுதும்போது அதில் கொஞ்சம் நடிப்பு இருக்கிறது. நடிப்பு தப்பில்லை, எழுத்தாளரின் உரிமை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. தயாரிப்பில்லாமல் போன மனுஷனைப் பார்த்துச் சிரிக்கும் வாசகர், ஆற்றைப் பார்ப்பதில்லை. புத்தகம் படித்த பத்துப் பேரைக் கேட்டால் 16 அங்குலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஏன் 16 என்பது யாருக்கும் இருக்காது.

நியூபி தயாராகாமல் போனார் என்பதே சரியில்லை. நன்றாகத் தயாரானார். பிரதமர் நேருவைப் பார்த்து, உதவி செய்யும்படி கடிதம் வாங்கி வைத்திருந்தார். அதற்கு மேல் இந்தியாவில் என்ன தயாரிப்பு வேண்டும்? அந்தக் காலத்தில் அது எல்லாக் கதவையும் திறக்கும் சாவி. படகும் கிடைத்தது. யார் கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம். ஹரித்வாரில் பாசனத்துறையின் செயற்பொறியாளர்.

ரெண்டாவது வாசிப்பில் நான் நின்றுபோனது இந்த இடத்தில். படகைக் கொடுத்த ஆபீஸும் தண்ணீரை எடுத்த ஆபீஸும் ஒன்றே.

ஹரித்வாரில் கங்கையின் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பும் வேலை 1854 ஏப்ரலில் ஆரம்பித்தது. ப்ரோபி காட்லி வடிவமைத்த கங்கைக் கால்வாய், திறந்தபோது விநாடிக்கு 6,750 கன அடி எடுக்கக்கூடியது. அதற்கு எஞ்சினியர்கள் வேண்டும் என்றுதான் 1847-இல் ரூர்க்கியில் கல்லூரியே தொடங்கினார்கள், இன்றைய ஐ.ஐ.டி. ரூர்க்கி. நம்ம ஊர்ப் பக்கம் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், காட்லியின் வடிவமைப்பைக் கடுமையாகத் தாக்கி எழுதினார், தலைமதகை இன்னும் கீழே வைத்திருக்க வேண்டும் என்று. ரெண்டு எஞ்சினியர்களும் போட்ட சண்டை தனிப் பதிவுக்கு உரியது, இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்துக்கள் தரப்பில் எதிர்ப்பு வந்து, மதன்மோகன் மாளவியா முன்னின்று, 1916-இல் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஹரித்வார் படித்துறைக்குக் குறைந்தது 1,000 கன அடியாவது தடையில்லாமல் வர வேண்டும் என்று. கங்கையில் கங்கை ஓட வேண்டும் என்பதற்கு ஓர் ஒப்பந்தம்.

ஆக, டிசம்பரில் மழையும் இல்லை, பனி உருகுவதும் குறைவு, இருக்கிற தண்ணீரில் பெரும்பங்கு கோதுமை வயலுக்குப் போகிறது. மீதிதான் பாலத்துக்குக் கீழே 16 அங்குலம். வேடிக்கை என்னவென்றால், காட்லியின் கால்வாய் படகு போவதற்கும் சேர்த்துத்தான் கட்டப்பட்டது, மதகுப்பூட்டு எல்லாம் வைத்து. தண்ணீர் இருந்தது. பக்கத்து வாய்க்காலில் இருந்தது.

இன்றைக்கு எப்படி என்று பார்த்தேன். கால்வாயின் கொள்ளளவு இப்போது விநாடிக்கு 10,500 கன அடி. 2018 அக்டோபரில் மத்திய அரசு, கங்கையில் குறைந்தபட்சம் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று அறிவிக்கை போட்டது. ஹரித்வாரில் பீம்கோடா தடுப்பணைக்குக் கீழே அக்டோபரிலிருந்து மே வரை விநாடிக்கு 36 கன மீட்டர். அதாவது சுமார் 1,270 கன அடி. கால்வாய் முழுசாக எடுத்தால் அதில் எட்டில் ஒரு பங்கு ஆற்றுக்கு. கீழே பிஜ்னோர், நரோரா, கான்பூர் தடுப்பணைகளில் இன்னும் குறைவு, 24 கன மீட்டர்.

இதை ஆழமாக மாற்றிப் பார்க்க பெரிய மாடலிங் எல்லாம் தேவையில்லை. ஆறு 200 மீட்டர் அகலம், ஓட்டம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், ரெண்டும் என் அனுமானம். 36-ஐ 100-ஆல் வகுத்தால் 0.36 மீட்டர். 14 அங்குலம். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அகலத்தையும் வேகத்தையும் கொஞ்சம் மாற்றினால் 10-ம் வரும், 20-ம் வரும். ஆனாலும் 1963-இல் ஒருவர் கால்முட்டி நனைய நின்று அளந்ததுக்கும், இன்றைய சட்டம் சொல்வதுக்கும் இவ்வளவு பக்கம் என்றால், இதில் தற்செயல் என்று எதைச் சொல்வது?

என் 140 வரிசையில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்ற வரிசை இல்லவே இல்லை.

நண்பனுக்கு போன் போட்டேன். "டேய், தண்ணிய மறந்துட்டோம்டா" என்றேன். "அதான் ஃபில்டர் வாங்கியாச்சே" என்றான்.

தமிழ் மரபில் வடக்கே கங்கைக்குப் போன தயாரிப்பு ஒன்று பதிவாகியிருக்கிறது, சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில். வரலாறு என்று இல்லை, காப்பியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தினிக்குக் கல் எடுக்க வேண்டும். பொதியில் மலையில் எடுத்துக் காவிரியில் நீராட்டலாம், இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீராட்டலாம் என்று ரெண்டு வழி. செங்குட்டுவன் தூரமானதைத்தான் தேர்ந்தெடுக்கிறான், ராஜாக்கள் அப்படித்தான். வடநாட்டு மன்னர்களுக்கு முத்திரையிட்ட ஓலை அனுப்பலாம் என்று வில்லவன் கோதை சொல்ல, அழும்பில்வேள் குறுக்கிடுகிறார். அந்த மன்னர்களின் ஒற்றர்கள் எல்லாரும் நம்ம வஞ்சி வாசலில்தானே கிடக்கிறார்கள், ஊருக்குள் பறையறைந்தால் போதும், செய்தி தானாகப் போய்ச் சேரும் என்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

படகு விஷயத்தில் செங்குட்டுவன் செய்தது இன்னும் முக்கியம். படகு கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. நூற்றுவர் கன்னருக்குச் சொல்லி அனுப்புகிறான், கங்கையைக் கடக்க மரக்கலங்களை நீங்கள் தயார் செய்து வையுங்கள் என்று. அந்த ஆற்றைத் தெரிந்தவர்கள், அந்த ஆற்றுக்கு ஏற்ற படகை, அந்தக் கரையில் வைத்திருக்கிறார்கள். இவன் போய் ஏறிக் கடக்கிறான். போய்த் திரும்ப 32 மாதம் ஆயிற்று. அதில் ஆற்றால் வந்த தாமதம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. நியூபியிடம் இருந்தது நேருவின் கடிதம். கடிதம் டெல்லியிலிருந்து ஹரித்வார் ஆபீஸ் வரைக்கும் செல்லுபடியாகும். பாலத்துக்குக் கீழே 200 கஜம் தாண்டி அதைக் காட்ட ஆள் இல்லை.

மறுகோடியில் எட்மண்ட் ஹிலாரி. 1977-இல் அவர் போனது எதிர்த்திசை, கங்காசாகரிலிருந்து மேலே. மழைக்காலத்தில், ஆறு நிறைந்து ஓடும்போது. மூன்று ஜெட் படகுகள்: 'கங்கா', 'கிவி', 'ஏர் இந்தியா'. அடியில் விசிறி கிடையாது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுகிற இயந்திரம். நியூசிலாந்தின் கூழாங்கல் ஆறுகளுக்காகவே ஹாமில்டன் கம்பெனி உருவாக்கியது. வேகத்தில் போகும்போது சில அங்குலத் தண்ணீர் போதும். பருவம், படகு ரெண்டையும் ஆற்றுக்கு ஏற்ப எடுத்தார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி தடுக்கும் வரை போனார். அப்புறம் நடந்து மலையேறியபோது அவருக்கே உயரநோய் வந்து, ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியதாயிற்று. எவரெஸ்ட் ஏறியவரின் தயாரிப்பில் ஓட்டை விழுந்தது மலைப் பகுதியில்! அவர் எழுதிய 'ஃப்ரம் த ஓஷன் டு த ஸ்கை' (1979) புத்தகமாக நியூபிக்குப் பக்கத்தில் நிற்காது. பெட்ரோலும் கூட்டமும் வரவேற்பும்தான் அதிகம். மணிக்கு அம்பது கிலோமீட்டரில் போகிறவனுக்கு ஆற்றங்கரை மனுஷன் முகம் தெரியாது. ஆனால் பயணத் திட்டமாக எது சரி என்று கேட்டால் ஹிலாரிதான்.

கனேடியத் தோணியைப் பற்றியும் ஒன்று சொல்லணும். வடகனடாவின் பெரிய ஆறுகளில் மாசக்கணக்கில் தோணியில் போகிறார்கள். அந்தத் தோணி முதலில் பூர்ச்சமரப் பட்டையில் செய்தது. சுமையோடும் சில அங்குலத்தில் மிதக்கும். அதைவிட முக்கியம், தூக்கித் தோளில் வைக்கலாம். அருவி வந்தாலும் தண்ணீர் இல்லாவிட்டாலும் இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்து அந்தப் பக்கம் விடுவார்கள். அதற்கு 'போர்ட்டேஜ்' என்று பெயர், பிரெஞ்சுச் சொல், தூக்குவது என்று அர்த்தம். நம்ம ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அங்கே தூக்கி நடப்பது தோல்விக் கணக்கில் வராது, பயணத் திட்டத்திலேயே எத்தனை இடம் என்று எழுதியிருக்கும். நியூபிக்கு 63 தடவையும் அவமானக் கணக்காக ஆனதற்குக் காரணம், அவர் படகு தூக்க முடியாத படகு. கூட வந்த ஆட்களும் அவரும் வாண்டாவும் இறங்கிக் கல்லைப் புரட்டித் தள்ள வேண்டியிருந்தது.

புதுச்சேரிக்காரன் எதற்குக் கங்கைக்கு ஓடுகிறான் என்று கேட்கலாம். நியாயம். நமக்கும் கங்கை ஒரு காலத்தில் ஆபீஸ் சம்பந்தம். ஹூக்ளிக் கரையில் சந்தன்நகர் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது, துய்ப்ளே அங்கே பத்து வருஷம் இருந்துவிட்டுத்தான் 1742-இல் இங்கே வந்தார். இந்த ஊரிலேயே ஒரு கங்கையும் உண்டு. திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையில் கங்கைவராக நதீஸ்வரர். காசிக்குச் சமம் என்று அங்கே திதி கொடுப்பார்கள், என் அப்பாவுக்கும் அங்கேதான் கொடுத்தேன்.

அதே சங்கராபரணியில்தான் கயாக் ஒத்திகை. வில்லியனூர்ப் பக்கம் ஆரம்பிக்கலாம் என்று போனால் மணலும் சம்புவும். மேலே வீடூர் அணை. இங்கே மழை முடிந்தால் ஆறு முடிந்தது. சரி என்று சுண்ணாம்பாறு வந்தோம். அகலமாக, அழகாகத் தண்ணீர். ஒரு மணி நேரம் துடுப்பு போட்டு, பெருமையோடு திரும்பும்போது சேற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது கயாக். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருத்தர் பார்த்துவிட்டு, "தண்ணி வத்துற நேரம் சார் இது, ஏறுறப்ப வாங்க" என்றார். அது கடல் தண்ணீர். நாம் ஆறு என்று சொல்லி படகு விடுவது கடல் உள்ளே வந்து போகிற இடத்தில். இதற்கும் ஒரு டைம்டேபிள் இருக்கிறது. எங்கள் ஷீட்டில் அதுவும் இல்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

கங்கைக்கு அந்த டைம்டேபிளை யாரிடம் கேட்பது? மத்திய நீர் ஆணையம் வெள்ள காலத்தில் நீர்மட்டம் வெளியிடுகிறது. ஆனால் கங்கைப் படுகையின் நீரோட்ட அளவுகள் ரகசியத் தரவு. எல்லை தாண்டும் நதி என்பதால். ஓர் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பவனுக்கு நாட்டின் பாதுகாப்பு பதில் சொல்கிறது. மீதி எல்லாம் அங்கங்கே கரையில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். நியூபியின் புத்தகம் நடுவில் நன்றாக ஆகத் தொடங்குவதும் அவர் அப்படிக் கேட்கத் தொடங்கும்போதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கடிதம் பையில் கிடக்க, படகோட்டிகள் மாறிக்கொண்டே வர, ஒவ்வொருத்தருக்கும் தன் ஊர்ப் பக்கத்து ஆறு மட்டும் தெரிகிறது. அந்த மெதுவான பக்கங்களை முதல் வாசிப்பில் நான் தாண்டித் தாண்டிப் போயிருந்தேன், அடுத்த ஜோக் எங்கே என்று. புத்தகத்தின் தலைப்பிலேயே 'மெதுவாக' என்று இருக்கிறது.

ஒரு விஷயம் கிடைத்தது. கங்கைக் கால்வாயை வருஷத்துக்கு ஒரு தடவை பராமரிப்புக்காக மூடுகிறார்கள், தசராவிலிருந்து தீபாவளி வரைக்கும். அப்போது ஹரித்வார் படித்துறை வற்றி, கால்வாய்க்குப் போகிற தண்ணீர் ஆற்றிலேயே இறங்கும். மழையும் முடிந்திருக்கும். 2019-இல் விங் கமாண்டர் பரம்வீர் சிங் தலைமையில் தேவப்பிரயாகையிலிருந்து கங்காசாகர் வரை ரப்பர் படகில் போன குழு கிளம்பியதும் அக்டோபர் 10 அன்று. நியூபி டிசம்பர் 6-ஆம் தேதி கிளம்பினார், அவருடைய 44-வது பிறந்தநாள் அது. எனக்கும் இந்த வருஷம் 44. நானும் என் பிறந்தநாளை வைத்துத்தான் தேதி குறித்திருந்தேன், ஜனவரியில்.

ஷீட்டில் முதல் வரிசையாக 'பீம்கோடா, தண்ணீர் எப்போது?' என்று சேர்த்து, கிளம்பும் தேதியை தசராவுக்கு மறுநாள் என்று மாற்றினேன். மூன்று தடுப்பணைக்கும் தூக்கி நடக்கிற தூரம் எழுத வரிசை போட்டேன். கயாக் போதும், பெரிய படகு வேண்டாம். எல்லாம் சரியாக வந்தது என்று மனைவியிடம் காட்டினேன். முழுசாகப் பார்த்தாள்.

"அப்போ தீபாவளிக்கு நீங்க வீட்ல இல்ல."

அந்த வரிசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.